8 முதல் 10-ஆம் வகுப்புப் பிள்ளைகள் கீழே வைக்காமல் படிக்கிற தமிழ்ப் புத்தகங்கள் எவை?

மதியழகி:

எல்லோருக்கும் வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 8 முதல் 10-ஆம் வகுப்பு வரை படிக்கும் 32 பிள்ளைகளுக்கு வாசிப்பு வட்டம் தொடங்குகிறோம். வாரத்தில் மூன்று மாலை, நாளுக்கு 40 நிமிடம். புத்தகம் வாங்க நன்கொடை 8,000 ரூபாய் இருக்கிறது. பள்ளி அலமாரியில் இப்போது இருப்பவை நீதிக்கதைத் தொகுப்புகள், தலைவர்களின் வாழ்க்கைச் சுருக்கங்கள், பேச்சுப்போட்டிப் பரிசுக்கென்று வாங்கிய உரைநூல்கள். பிள்ளைகள் அந்தப் பக்கமே போவதில்லை.

யாரைக் கேட்டாலும் "பொன்னியின் செல்வனில் ஆரம்பிங்க" என்கிறார்கள். அது சரியான தொடக்கமா? கதையே பிடிக்காது என்று சொல்லும் பையன்கள் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். இரண்டு பெண்பிள்ளைகள் ஆங்கிலத்தில் தடித்தடி நாவல்களாகப் படிக்கிறார்கள், தமிழ் என்றால் பத்துப் பக்கத்தில் மூடிவிடுகிறார்கள். இவர்களையெல்லாம் மனதில் வைத்துச் சொல்லுங்கள். இந்த வயதில் கொடுக்கக் கூடாதவை, யோசித்துக் கொடுக்க வேண்டியவை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

---

புத்தகப்பூச்சி77:

டீச்சர், பட்டியலுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பு வேகத்தையும் அளந்துவிடுங்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு கதையின் இரண்டு பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்து, வாய்க்குள் 3 நிமிடம் படிக்கச் சொல்லி, நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. சொற்களை எண்ணி மூன்றால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். "இதுவரை என்ன நடந்தது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். மதிப்பெண் போட வேண்டாம்.

இது ஏன் முக்கியம் என்றால், தமிழில் ஒரு சாதாரணப் பக்கத்துக்குச் சுமார் 200 சொல் வரும். நிமிடத்துக்கு 80 சொல் படிக்கிற பிள்ளைக்கு ஒரு பக்கம் இரண்டரை நிமிடம். 200 பக்க நாவல் எட்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால் ஒரு மாதம். முதல் வாரத்தில் வந்த பாத்திரத்தின் பெயர் மூன்றாவது வாரத்தில் மறந்திருக்கும், அங்கே புத்தகம் மூடப்படும். நாம் "ஆர்வமில்லை" என்று நினைப்பதில் பாதி இந்தக் கணக்குதான்.

என் கைக்கணக்கு இது: 60-க்குக் கீழே இருந்தால் சித்திரக்கதையும் 10-15 பக்கச் சிறுகதையும். 60 முதல் 100 வரை என்றால் 100-150 பக்கத்தில் முடிகிற நாவல். அதற்கு மேல் போனால் பாகம் பாகமாக வருவதைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆங்கில வேகத்தோடு ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள். தமிழ்ச் சொல் விகுதியும் வேற்றுமையும் ஒட்டி நீளமாக வருவது, எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது தடை, கதைகளில் வரும் பேச்சுமொழி. பாடப்புத்தகத்தில் பழகிய கண்ணுக்குப் "போய்விட்டு வந்தேன்" உடனே புரியும், "போயிட்டு வந்துட்டேன்" என்று அச்சில் பார்த்தால் ஒரு நொடி தட்டும். அந்த நொடி பக்கத்துக்கு இருபது தடவை வந்தால் களைத்துவிடுவார்கள். இதற்கு மருந்து வாய்விட்டுப் படிப்பது. எந்தப் புத்தகமானாலும் முதல் 8-10 பக்கத்தை நீங்கள் படித்துக் காட்டுங்கள். அந்தக் குரல் காதில் ஏறிவிட்டால் மீதியை அவர்களே படிப்பார்கள். கி. ராஜநாராயணனின் கரிசல் வழக்கெல்லாம் கண்ணால் படித்தால் கல், காதால் கேட்டால் தேன்.

முதல் இரண்டு வாரத்துக்கு வட்டமாக உட்கார்ந்து கேட்க மூன்று கதை சொல்கிறேன். கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்'. பிள்ளைகள் "என்னிடம் இது இருக்கு, உன்னிடம் இருக்கா?" என்று போட்டி போடுவதில் தொடங்கும், அதனால் முதல் நிமிடத்திலேயே சிரிப்பு வந்துவிடும். தீபாவளி, புதுத்துணி, ஆதரவில்லாமல் வந்து நிற்கும் ஒரு சிறுவன் என்று கதை போகும் இடம் வேறு. அரை மணி நேரத்தில் முடியும். முடித்ததும் கேள்வி கேட்காதீர்கள், அப்படியே விடுங்கள்.

அடுத்து புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. சென்னைத் தெருவில் கடவுள் வந்து வழி கேட்கிறார், பிள்ளை அவரைத் தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரராக்கப் பார்க்கிறார். உரையாடல் நிறைய. இரண்டு பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்து நாடகம் மாதிரி படிக்கலாம். 8-ஆம் வகுப்புக்குக் கொஞ்சம் கடினம், 10-க்குச் சரி.

மூன்றாவது ஜெயமோகனின் 'யானை டாக்டர்'. ஆனைமலைக் காட்டில் உள்ள டாப்ஸ்லிப்பில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியின் வாழ்க்கையை அடியொற்றியது. 'அறம்' தொகுப்பில் இருக்கிறது, தனிச் சிறு நூலாகவும் வந்திருக்கிறது. நீளம் என்பதால் மூன்று நாளாகப் பிரியுங்கள். அழுகிய யானை உடலை அறுத்துப் பார்க்கிற காட்சியும் புழுக்களும் வரும். பிள்ளைகள் சாப்பிடுகிற நேரத்துக்கு ஒட்டி அந்தப் பகுதியை வைக்க வேண்டாம். காட்டில் வீசிய மது பாட்டில் யானையின் காலில் ஏறும் இடத்தில் வகுப்பே அடங்கிவிடும்.

தனியாக எடுத்துப் படிக்க முதல் நாவலாக நான் சொல்வது ஜெயமோகனே சிறுவர் இதழுக்காகத் தொடராக எழுதிய 'பனிமனிதன்'. இமயமலையில் ஒரு ராட்சதக் காலடித்தடம், அதைத் தேடிப் போகும் ராணுவ அதிகாரி, மருத்துவர், ஒரு மலைச்சிறுவன். தொடராக வந்ததால் அத்தியாயங்கள் சின்னது, ஒவ்வொன்றும் ஒரு கொக்கியில் முடியும். 'வெள்ளிநிலம்' அதே வகை. முதலாவதை முடித்த பிள்ளை அதைக் கேட்டு வரும்.

---

சோழமண்டலம்:

பொன்னியின் செல்வன் பற்றி நான் சொல்கிறேன். பிடிக்காமல் போகிற புத்தகம் இல்லை அது. ஆனால் ஐந்து பாகம், இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்கு அதை முதலில் கொடுத்தால் கதை தொடங்குகிற வீரநாராயண ஏரிக்கரையிலேயே குதிரையை நிறுத்திவிட்டுப் போய்விடும். கல்கியில் நுழைய 'பார்த்திபன் கனவு' நல்ல வாசல். மூன்று பாகந்தான், பாத்திரங்கள் குறைவு, படகோட்டி பொன்னனும் வள்ளியும் முதலிலேயே மனதில் ஒட்டிக்கொள்வார்கள். கதையில் வருகிற சிவனடியார் உண்மையில் யார் என்ற கேள்வி கடைசி வரை இழுத்துக்கொண்டு போகும். அதை முடித்த பிள்ளைக்குப் பொன்னியின் செல்வன் பெரிதாகத் தெரியாது.

பெரிய நாவலைத் தொடங்கும்போது ஒரு தாளில் குடும்ப மரம் வரைந்து அலமாரியில் ஒட்டுங்கள்: சுந்தர சோழர், அவருடைய மூன்று பிள்ளைகள், பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர், மதுராந்தகர், செம்பியன் மாதேவி. பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் பெயர்களில்தான். ஒரே ஆளுக்கு மூன்று பெயர்: அருள்மொழிவர்மர், பொன்னியின் செல்வர், பின்னாளில் ராஜராஜன். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. கூடவே ஒரு வரைபடம். கடம்பூர், பழையாறை, தஞ்சை, கோடிக்கரை, நாகப்பட்டினம், இலங்கை. வந்தியத்தேவன் போகப் போகப் பென்சிலால் கோடு இழுக்கச் சொல்லுங்கள்.

படம் பார்த்த பிள்ளைகள் "கதை தெரியும்" என்பார்கள். படத்தில் இடமில்லாமல் போன பகுதிகள் நாவலில் ஏராளம் என்று மட்டும் சொல்லுங்கள். ஆழ்வார்க்கடியான் வரும் சண்டைக் காட்சியைப் படித்துக் காட்டினாலே போதும்.

வாங்கும்போது கவனம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால் மிக மலிவான பதிப்புகளும் சுருக்கிய பதிப்புகளும் கலந்து கிடக்கின்றன. முழுப் பதிப்பா என்று பார்க்க ஒரு எளிய வழி: முதல் பாகத்தில் 57 அத்தியாயம், இரண்டில் 53, மூன்றிலும் நான்கிலும் 46, ஐந்தில் 91. மொத்தம் 293. பொருளடக்கத்தைப் புரட்டினாலே தெரிந்துவிடும். ஐந்து பாகத்தையும் ஒரே கட்டாகத் தைத்த பதிப்பைப் பள்ளிக்கு வாங்காதீர்கள். பையில் வைக்க முடியாத கனம், எழுத்தும் பொடி, முதுகு மூன்று மாதத்தில் பிளந்துவிடும், அதைவிட முக்கியம், ஒரே நேரத்தில் ஒரு பிள்ளைதான் படிக்க முடியும். தனித்தனிப் பாகமாக இருந்தால் ஐந்து பேர் படிக்கலாம். மின்னூலாக வேண்டுமென்றால் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தில் (Project Madurai) இலவசம்.

---

பின்பெஞ்ச்:

சித்திரக்கதையை யாரும் சொல்லவில்லையே! மெதுவாகப் படிக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல படிக்கட்டு கிடையாது. படம் பொருளைச் சொல்லிவிடும், கண் சொல்லைப் பிடித்தால் போதும்.

முத்து காமிக்ஸ் 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது, லயன் 1984-இல். இரண்டும் சிவகாசிதான். இன்றும் வருகின்றன. 8-ஆம் வகுப்புக்கு லக்கி லூக் வையுங்கள், சிரிப்பும் வண்ணமும். 9, 10-க்கு டெக்ஸ் வில்லர். பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, ஆனால் கதை நீளம், விறுவிறுப்பு குறையாது. கேப்டன் டைகர் வரிசையில் கதை இதழுக்கு இதழ் தொடரும், நடுவிலிருந்து ஒன்றை வாங்கினால் தலைகால் புரியாது. ஒரே தொகுப்பாக வந்தது கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

சாதாரணப் புத்தகக் கடையில் இவை எளிதில் கிடைக்காது. சந்தா, இணைய விற்பனை, புத்தகக் காட்சி அரங்கு, இந்த மூன்று வழிதான். அச்சிடுவதும் அளவாகத்தான், பிடித்ததை அப்புறம் வாங்கலாம் என்று விட்டால் தீர்ந்துபோகும். இதழ் வந்ததும் முதுகில் அகலமான ஒட்டுநாடா ஒட்டி, ஊசி அடித்த இடத்தில் உள்பக்கமும் ஒரு துண்டு ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் நடுத்தாள்தான் முதலில் கழன்று வரும்.

இன்னொரு வாசல் துப்பறியும் கதை. தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகள் வாக்கியம் சின்னது, மொழி தெளிவு, ஆபாசம் கிடையாது, எந்த வகுப்புக்கும் பயமில்லாமல் கொடுக்கலாம். தேவனின் 'துப்பறியும் சாம்பு' சிரிப்புக்கு. ஒவ்வொரு கதையும் தனியாக நிற்கும், அதனால் எங்கே திறந்தாலும் படிக்கலாம். அந்தக் காலத்து மயிலாப்பூர்ப் பேச்சு மட்டும் முதல் இரண்டு கதைக்கு இடறும், அதை நீங்களே படித்துக் காட்டிவிடுங்கள்.

---

மதியழகி:

இவ்வளவு விவரமாகச் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. வேகம் அளக்கும் யோசனையை இந்த வாரமே செய்கிறேன். ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகள், கதை பிடிக்காத பையன்கள், கவனமாகக் கொடுக்க வேண்டியவை, இந்த மூன்றும் இன்னும் பாக்கி. 8,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது என்றும் யாராவது சொன்னால் உதவும்.

---

தமிழ்வாத்தி:

ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகளிடம் பலரும் செய்கிற தவறு, தமிழ் வேகம் குறைவு என்பதற்காகக் குழந்தைக் கதையைக் கையில் கொடுப்பது. அவர்களுடைய மனம் பதினைந்து வயதுக்குரிய சிக்கலான கதைக்குப் பழகியிருக்கிறது, கண்தான் தமிழுக்குப் பழகவில்லை. அட்டையில் 'சிறுவர் கதைகள்' என்று போட்டிருந்தால் தொடக்கூட மாட்டார்கள். அவர்களுக்கு சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. எதிர்கால இந்தியாவில் சர்வாதிகாரி ஜீவா, குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி, கணவனைக் காணாமல் தேடும் நிலா, ஜீனோ என்கிற ரோபோ நாய். ஆங்கிலத்தில் அந்த மாதிரி நாவல் படித்தவர்கள் உடனே ஒட்டிக்கொள்வார்கள். வாக்கியம் துண்டு துண்டாக ஓடும், அறிவியல் சொற்கள் பழகியவை, ஆகவே வேகம் தானாக ஏறும். அடுத்தது 'மீண்டும் ஜீனோ'. இந்த வரிசை மாறக் கூடாது.

இன்னொரு வழி, ஆங்கிலத்தில் படித்துத் தெரிந்த கதையைத் தமிழில் கொடுப்பது. கதை தெரிந்திருப்பதால் மனம் மொழியில் மட்டும் உட்காரும். 'குட்டி இளவரசன்' வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேராக மொழிபெயர்த்தது, க்ரியா வெளியீடு. நூறு பக்கம் சொச்சம்தான். ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிபெயர்ப்பாக இருக்கிறது. எதை வாங்குவது என்றால், கடையில் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து ஒரு பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். மோசமான மொழிபெயர்ப்பு ஒன்றைப் படித்த பிள்ளை தமிழே அப்படித்தான் என்று முடிவு கட்டிவிடும். சோவியத் காலத்திலிருந்து தமிழில் கிடைக்கும் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' இன்றும் மறுபதிப்பில் வருகிறது, ஒரே மூச்சில் படிக்கலாம், பெண்பிள்ளைகளுக்குக் கட்டாயம் கொடுங்கள்.

இனி யோசித்துக் கொடுக்க வேண்டியவை. தடை என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன். ஆனால் கொடுப்பவர் முழுதாகப் படித்திருக்க வேண்டும்.

சாண்டில்யனின் 'கடல் புறா', 'யவன ராணி' இரண்டிலும் கடல்போர், தந்திரம் எல்லாம் அபாரம். நடுநடுவே பெண்ணுடலைப் பக்கக்கணக்கில் வர்ணிப்பார். 13 வயதுப் பிள்ளைகள் கலந்து உட்காரும் அறைக்கு வேண்டாம், பதினொன்றாம் வகுப்புக்கு விட்டுவிடலாம். சுஜாதாவின் கணேஷ்-வசந்த் என்ற வக்கீல்கள் துப்பறியும் கதைகளில் மர்மம் நன்றாக இருக்கும், வசந்த் பெண்களைப் பற்றிப் பேசுகிற பேச்சு இன்றைக்குப் பொருந்தாது. பத்தாம் வகுப்புக்குக் கொடுத்தால் அதைப் பற்றிப் பேசவும் நேரம் வையுங்கள்.

இரா. நடராசனின் 'ஆயிஷா' மிகச் சிறியது, ஒரே அமர்வில் முடியும், பிள்ளைகளை உலுக்கும். கேள்வி கேட்கும் சிறுமி தன் மேலேயே ஒரு சோதனை செய்துகொண்டு இறந்துபோகிறாள். அதனால் வீட்டுக்குக் கொடுத்தனுப்பாமல் வகுப்பில் சேர்ந்து படியுங்கள். படித்த பிறகு அரை மணி நேரமாவது கையில் இருக்க வேண்டும். அன்றைக்கு ஆய்வகம் பற்றி, மருந்து பற்றி, அடிக்கிற ஆசிரியர்களைப் பற்றி எல்லாம் கேட்பார்கள்.

யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-இல் சாகித்திய அகாதெமியின் சிறுவர் இலக்கிய விருதான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறலை அந்தந்த வயதுக்குப் புரிகிற மாதிரி பேசுகிறது. மொழி எளிது, 8-ஆம் வகுப்புக்கே சரியாக இருக்கும். இதைக் கொடுத்தபின் ஒரு பிள்ளை தனியாக வந்து பேசினால் என்ன செய்வது என்று முன்பே தெளிவாக இருங்கள். நடுவில் மறிக்காமல் கேட்பது, "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காமல் இருப்பது, குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைப்பது.

அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' பத்தாம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் இரண்டு மூன்று பேருக்கு. செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பையனைச் சுற்றி 1947-48 நடக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியாகப் போகிற ஹைதராபாத் இணைப்பு அதில் தெருவாக, பள்ளியாக, பயமாக வரும். கடைசிப் பக்கங்கள் கனமானவை. படித்து முடித்த அன்று பேசுங்கள். பாமாவின் 'கருக்கு'ம் அப்படித்தான், பேச்சுமொழியில் ஓடும், சாதி பற்றிய நேரடி அனுபவம். சில பிள்ளைகளுக்கு அது தங்கள் சொந்தக் கதை என்பதை நினைவில் வைத்து, யாரையும் எழுந்து கருத்துச் சொல்லச் சொல்லாதீர்கள்.

---

காடறிவான்:

கதை பிடிக்காத பையன்களுக்கு: அவர்களில் பலருக்குத் தகவல் பிடிக்கும். சுஜாதாவின் 'ஏன்? எதற்கு? எப்படி?' கேள்வி-பதில்தான், எங்கே திறந்தாலும் ஒரு நிமிடத்தில் ஒன்று முடியும். ஜோடியாக உட்கார்ந்து ஒருவன் கேள்வியைப் படிக்க, மற்றவன் பதிலை ஊகிக்க, அப்புறம் சரிபார்க்க. எழுதிய காலம் பழையது என்பதால் கணினி, தொலைபேசி பற்றிய பதில்கள் மாறியிருக்கும். எது மாறிவிட்டது என்று கண்டுபிடிக்கச் சொல்வதே நல்ல விளையாட்டு. மூளை பற்றிய 'தலைமைச் செயலகம்' அடுத்த படி.

தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' மாத இதழுக்குச் சந்தா கட்டுங்கள். 1987 முதல் வருகிறது. மாதாமாதம் புதிதாக ஒன்று வருவதே வட்டத்துக்கு உயிர்.

காடு, விலங்கு என்றால் சு. தியடோர் பாஸ்கரனின் கட்டுரைகள், அவர் தொகுத்த மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்'. கட்டுரைகள் மூன்று நான்கு பக்கந்தான். ஊரில் பார்க்கிற பறவை பற்றியதாகத் தேர்ந்தெடுத்துப் படித்துவிட்டு, அடுத்த நாள் அதை வெளியே போய்த் தேடச் சொல்லுங்கள். கி.ரா.வின் 'பிஞ்சுகள்' இந்தப் பையன்களைக் கதைக்குள் இழுக்கும் கயிறு. பறவை முட்டை தேடி அலைகிற சிறுவன்தான் நாயகன்.

உ.வே.சா.வின் 'என் சரித்திர'த்தை முழுதாகக் கொடுத்துவிடாதீர்கள், 122 அத்தியாயம். சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போய் சீவக சிந்தாமணி என்ற பெயர் வருகிற பகுதியை மட்டும் படியுங்கள். தெரியாத ஒரு புத்தகத்தைத் துரத்தும் துப்பறியும் கதை மாதிரியே இருக்கும்.

---

வன்னிக்கிளி:

இலங்கை எழுத்தில் இருந்து இரண்டு சொல்லுறன். செங்கை ஆழியானின் 'ஆச்சி பயணம் போகிறாள்', யாழ்ப்பாணத்து ஆச்சி ஒருத்தி கதிர்காமத்துக்குப் புறப்படுற கதை. சிரிச்சுச் சிரிச்சு வாசிக்கலாம். அ. முத்துலிங்கத்தின் 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்' நாவல் எண்டாலும் அத்தியாயம் ஒவ்வொண்டும் தனிக்கதை மாதிரி, சின்னன் சின்னனா இருக்கும். தமிழ்நாட்டுப் பிள்ளையளுக்கு எங்கட பேச்சு வழக்கு புதுசா இருக்கும், கதைக்கிற சொல்லுகளை ஒரு தாளில எழுதி வைச்சால் அதுவே அவையளுக்கு விளையாட்டு: 'கதைக்கிறது' பேசுறது, 'பெடியன்' பையன், 'கெதியா' சீக்கிரமா. செங்கை ஆழியானின்ர புத்தகம் கடையில அம்பிடாட்டி 'நூலகம்' எண்ட இலங்கைத் தமிழ் இணைய நூலகத்தில தேடிப் பாருங்கோ டீச்சர்.

---

புத்தகப்பூச்சி77:

காசுக் கணக்குக்கு வருகிறேன். இன்றைய விலையில் பக்கத்துக்கு ஒன்று முதல் ஒன்றேகால் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தகக் காட்சியில் 10 சதவீதம் கழிவு உண்டு, ஆகவே 8,000 ரூபாய்க்கு ஏறக்குறைய 8,900 ரூபாய் விலையுள்ள புத்தகம் வரும். ஒன்றேகால் கணக்கில் 7,100 பக்கம். சராசரி 160 பக்கம் என்றால் 44 புத்தகம். 32 பிள்ளைகளுக்கு இது போதும், ஏனென்றால் எப்போதும் பத்துப் பன்னிரண்டு புத்தகமாவது அலமாரியில் மிச்சம் இருந்தால்தான் தேர்ந்தெடுக்கிற சுகம் இருக்கும். முழுப் பணத்தையும் முதல் தடவையிலேயே செலவு செய்யாதீர்கள். 5,500-க்கு இப்போது வாங்கி, 2,500-ஐ மூன்று மாதம் கழித்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அவர்களே எடுக்கும்படி விடுங்கள். மாவட்டத் தலைநகரங்களிலும் இப்போது புத்தகக் காட்சி நடக்கிறது, சென்னை வர வேண்டியதில்லை.

எல்லாம் ஒவ்வொரு பிரதியாக வாங்கவும் வேண்டாம். 'பனிமனிதன்' மூன்று, 'என் இனிய இயந்திரா' மூன்று, 'பார்த்திபன் கனவு' இரண்டு. ஒரே புத்தகத்தை மூன்று பேர் ஒரே வாரத்தில் படித்தால் தண்ணீர்க் குழாயடியில் அதைப் பற்றிப் பேசுவார்கள், அந்தப் பேச்சைக் கேட்டு நாலாவது பிள்ளை வரும். ஒற்றைப் பிரதியில் அது நடக்காது. பொன்னியின் செல்வனில் முதல் பாகத்தை மட்டும் இப்போது வாங்குங்கள். மற்றவை யாராவது கேட்கும்போது வரட்டும். மாவட்ட மைய நூலகத்திலும் கிளை நூலகத்திலும் கல்கி கட்டாயம் இருக்கும், அங்கே பிள்ளைகளை உறுப்பினராக்கினால் அந்தப் பணமும் மிச்சம்.

புதிய எழுத்துக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். கீழடியைப் பின்னணியாகக் கொண்ட உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' (2023), விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' (2025), இரண்டும் பால சாகித்திய புரஸ்கார் பெற்றவை. 8-ஆம் வகுப்புக்கு நல்ல பொருத்தம்.

எடுத்துப்போகும் பதிவேட்டில் பெயர், புத்தகம், தேதி எழுதுவது எல்லோரும் செய்வது. நாலாவதாக ஒரு கட்டம் போடுங்கள்: "எந்தப் பக்கத்தில் நிறுத்தினாய்?" முடிக்காமல் திருப்பிக் கொடுப்பதற்கு முகம் சுளிக்கக் கூடாது, பக்க எண் மட்டும் போதும். ஒரே புத்தகத்தில் மூன்று பேர் 20 முதல் 30-ஆம் பக்கத்துக்குள் நின்றிருந்தால் அங்கே ஏதோ இடறுகிறது, அந்தப் பகுதியை வட்டத்தில் படித்துக் காட்டித் திரும்ப அனுப்புங்கள். எல்லோரும் 5-ஆம் பக்கத்திலேயே நின்றால் அந்தப் புத்தகம் இந்த வட்டத்துக்கு இல்லை, அடுத்த வருடம் பார்க்கலாம்.

40 நிமிடத்தை இப்படி வையுங்கள்: முதல் 10 நிமிடம் நீங்கள் படிப்பது, பிறகு 25 நிமிடம் அவரவர் புத்தகம், கடைசி 5 நிமிடம் எடுப்பதும் கொடுப்பதும். நீங்கள் படிக்கும் பகுதியை அத்தியாயம் முடிகிற இடத்தில் நிறுத்தாதீர்கள், கதவு தட்டப்படுகிற இடத்தில் நிறுத்துங்கள். அந்த 25 நிமிடத்தில் நீங்களும் ஒரு புத்தகத்தைத் திறந்து படிக்க வேண்டும், விடைத்தாள் திருத்தினால் அவர்களும் வீட்டுப்பாடத்தை எடுப்பார்கள். மதிப்புரை எழுதச் சொல்வது, பாத்திரப் படைப்பை விளக்கச் சொல்வது இந்த மாதிரி எதுவும் முதல் மூன்று மாதம் வேண்டாம். படித்தால் எழுத வேண்டியிருக்கும் என்று தெரிந்த அன்றே பாதிப் பேர் மெல்லிய புத்தகமாகத் தேடுவார்கள்.

கண்ணாடிக் கதவு போட்ட பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். கயிறு கட்டிக் கவிழ்த்துத் தொங்கவிடலாம், அல்லது மேசை மேல் முகப்பட்டை தெரிய அடுக்கலாம். பழுப்புத்தாள் உறை போட்டால் எல்லாம் பாடப்புத்தகமாகத் தெரியும், தெளிவான பிளாஸ்டிக் உறை போதும். வருடத்துக்கு நாலைந்து புத்தகம் தொலையும் என்று முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைத்த பிள்ளையிடம் பணம் கேட்டால் அது புத்தகத்தோடு வட்டத்தையும் விட்டுப் போய்விடும்.

---

மதியழகி:

பிரதிகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டேன். 'ராஜா வந்திருக்கிறார்' தனியாகக் கிடைக்குமா, தொகுப்பைத்தான் வாங்க வேண்டுமா?

---

புத்தகப்பூச்சி77:

கு. அழகிரிசாமியின் தேர்ந்தெடுத்த கதைகள் அடங்கிய ஏதாவது ஒரு தொகுப்பை வாங்குங்கள், பொருளடக்கத்தில் 'அன்பளிப்பு'ம் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். முழுத் தொகுப்பு கனம், விலையும் கூட, இப்போதைக்கு அது தேவையில்லை. 'அன்பளிப்பை' நாலாவது வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து புத்தகம் கேட்கிற பிள்ளைகளின் கதை அது, அதற்குள் உங்கள் பிள்ளைகளும் கேட்கத் தொடங்கியிருப்பார்கள்.